கடினமான ஆங்கிலச் சொற்களும் எங்கள் பிள்ளைகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தினர் கேட்டபோது, ஊர் நினைவுகளைப்பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்களுக்குள் பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் ஒரு ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறேன். என்னுடைய வாழ்க்கையில் இரண்டு வருடத்தை விழுங்கிய சொல் அது. அந்தச் சொல் 'ஜெனரல்'.

1989ஆம் ஆண்டு மாசி மாதம். ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, அப்பாவும் நானும் ஒரு ஹைஸ்கூல் அலுவலகத்தில் இருந்தோம். எனக்கு 16 வயது. ஊரில் ஓ.எல். வகுப்பு வரை முழுக்கத் தமிழிலே படித்தவன். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல புள்ளிகள் எடுத்தவன். அந்தக் காலத்தில் ஒன்ராறியோ மாகாணத்து உயர்பள்ளிகளில் பாடங்கள் மூன்று தரத்தில் நடந்தன: 'பேசிக்', 'ஜெனரல்', 'அட்வான்ஸ்ட்'. இதில் எது வேணும் என்று அங்கிருந்த அம்மணி கேட்டா.

அப்பா கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஜெனரல் எண்டால் பொதுவானது தம்பி. ஜெனரல் ஆஸ்பத்திரி மாதிரி, எல்லாருக்கும் உள்ளது. அதுதானே நல்லது?"

நானும் தலையாட்டினேன். அப்பா கையெழுத்து வைத்தார்.

'ஜெனரல்' பாதையில் படித்தால் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போக ஏலாது என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த அம்மணி சொல்லாமல் விட்டாவோ, அல்லது சொன்னது எங்களுக்கு விளங்கவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நாடு விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி ஒரு மேசை, ஒரு படிவம், விளங்காத ஒரு சொல் இருந்திருக்கும். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, ஏன் அவை கடினமாக இருக்கின்றன, அவற்றை எப்படிக் கைக்கொள்ளலாம் என்பதைப் பிற்காலத்தில் தேடித்தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு மொழிக்குள் மூன்று மொழி

ஆங்கிலத்தின் அடித்தளம் ஆங்கிலோ-சக்சன் மக்களுடைய பழைய மொழி. சாப்பிடு, தூங்கு, வீடு, தாய், தண்ணீர் என்ற அன்றாடக் கருத்துக்களுக்கு இன்றும் ஆங்கிலத்தில் இருப்பவை அந்தப் பழைய சொற்கள்தான். அவை சின்னச் சின்னச் சொற்கள். ஒரு பிள்ளை விளையாட்டு மைதானத்தில் ஆறு மாதம் ஓடித்திரிந்தால் அவற்றைப் பிடித்துவிடும்.

1066ஆம் ஆண்டில் நோர்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. வயலில் மாடு வளர்த்தவன் அதை 'ஒக்ஸ்' என்றான். அதே மாடு பிரபுவின் தட்டில் இறைச்சியாக வந்தபோது 'பீஃப்' என்று பிரெஞ்சுப் பெயர் எடுத்தது. பட்டியில் நின்ற 'ஷீப்' மேசைக்கு வந்ததும் 'மட்டன்' ஆகியது. யார் வேலை செய்தான், யார் சாப்பிட்டான் என்பதை அந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன.

இதற்கு மேலே தேவாலயமும் கல்விக்கூடங்களும் லத்தீன் மொழியை வைத்திருந்தன. 16ஆம் நூற்றாண்டில் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைப் படிக்கும் ஆர்வம் பெருகியபோது அந்த மொழிகளின் சொற்கள் வெள்ளம்போல ஆங்கிலத்துக்குள் வந்தன. இதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்கில் சொற்கள் உண்டு. கேட்பதற்கு 'ஆஸ்க்' என்பது பழைய ஆங்கிலம். 'குவெஸ்ஷன்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டெரொகேட்' லத்தீன். மூன்றாவது சொல்லை எங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, வேறு இடங்களில்தான் தெரிந்துகொண்டோம்.

தமிழிலும் இப்படி உண்டுதானே. வீட்டில் 'சோறு' என்கிறோம். கோயிலில் அதுவே 'அன்னதானம்' ஆகிறது. தேவாரம் ஓதுகிற பிள்ளைக்கும் கடையில் சாமான் வாங்குகிற பிள்ளைக்கும் ஒரே தமிழ் போதாது. ஹைஸ்கூல் ஆங்கிலம் என்பது மேலடுக்குச் சொற்களால் கட்டிய ஆங்கிலம். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் அகராதி யாருக்காக?

நான் படித்தவற்றுள் எனக்கு அதிக ஆறுதல் தந்த செய்தி இதுதான். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி 1604ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் ரொபேட் கோட்றி என்ற பாதிரியார். பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர். அதில் ஏறக்குறைய 2,500 சொற்கள்தான் இருந்தன. அன்றாடச் சொற்கள் அதில் இல்லை. பிறமொழிகளிலிருந்து வந்த கடினமான சொற்களை மட்டும் எடுத்து, அவற்றுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். லத்தீன் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்களுக்கும் கல்வி குறைந்தவர்களுக்கும் உதவவே அதை வெளியிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஆங்கிலேயனுக்கே அவனுடைய மொழி விளங்காமல்தான் முதல் அகராதி பிறந்தது! 1755இல் சாமுவேல் ஜோன்சன் தம்முடைய பெரிய அகராதியை வெளியிட்டபோது அதில் 42,000க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. எங்கட பிள்ளை ஒரு சொல் தெரியாமல் வகுப்பில் முழிக்கிறபோது, அது மூளைக் குறைவு என்று ஒருவரும் நினைக்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளை, 400 வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் நின்ற அதே வரிசையில்தான் நிற்கிறது.

வட்டுக்கோட்டையில் நடந்தது

எங்கள் மண்ணிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினறியைத் தொடங்கினார்கள். டானியல் பூர் அதன் முதல் அதிபர். கணிதமும் வானசாஸ்திரமும் தத்துவமும் அங்கே ஆங்கிலத்தில் படிப்பிக்கப்பட்டன. கூடவே தமிழும் படிப்பிக்கப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கினார்கள்.

அதே தாமோதரம்பிள்ளைதான் பிற்காலத்தில் தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து எடுத்துப் பதிப்பித்தவர். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும், தமிழ் வைத்திருந்தால் ஆங்கிலம் வராது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒருவருடைய வாழ்க்கையே போதுமான பதில்.

மறுபக்கத்திலும் வேலை நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேச வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழிலேயே மாணவர்களை வைத்தியராகப் பயிற்றினார். 1930களில் சென்னையில் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சி நடந்தபோது அதில் முன்னின்றவர்களில் ஒருவர் எங்கள் மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்த அடிகள். பிறகு இலங்கையில் உயர்வகுப்புகள் தாய்மொழிக்கு மாறியபோது அரசகரும மொழித் திணைக்களம் பாடத்துக்குப் பாடம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஒளித்தொகுப்பு, நீர்ப்பகுப்பு, மையநாட்ட விசை என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய சொற்களுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. அந்தச் சொற்கள் கனடாவில் எனக்குக் கைகொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சொற்களை எண்ணியவர்கள்

ஆங்கிலத்தில் இலட்சக்கணக்கான சொற்கள் இருக்கின்றன. எதை முதலில் படிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் சொற்களை உட்கார்ந்து எண்ணினார்கள். அமெரிக்காவில் எட்வேட் தோண்டைக் என்ற உளவியல் அறிஞர், புத்தகங்களில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று கணக்கெடுத்து, 1921இல் ஆசிரியர்களுக்காக 10,000 சொற்களின் பட்டியலை வெளியிட்டார். அப்போது கணனி இல்லை, எல்லாம் கையால் எண்ணியது.

மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் அரிய சொற்களோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுத்து, வாசிப்பைப் படிப்படியாக உயர்த்தும் புத்தகங்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 தலைச்சொற்கள் இருந்தன.

அமெரிக்காவில் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் 'எஸ்.ஏ.ரி.' பரீட்சை 1926இல் தொடங்கியது. அதில் எதிர்ச்சொல், சொல்லுக்குச் சொல் உறவு என்று கேள்விகள் வந்ததால் அங்குள்ள பிள்ளைகள் அரிய சொற்களை அட்டையில் எழுதி மனனம் செய்தார்கள். எதிர்ச்சொல் கேள்விகள் 1994இலும் உறவுக் கேள்விகள் 2005இலும் நீக்கப்பட்டன. 2016இல் யாரும் பாவிக்காத அரிய சொற்களை விட்டு, படிப்பிலும் தொழிலிலும் அடிக்கடி வரும் சொற்களின் பக்கம் பரீட்சை திரும்பியது.

2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற அம்மையார் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளில் 35 இலட்சம் சொற்கள் கொண்ட எழுத்துக்களை எடுத்து ஆராய்ந்தார். வெஸ்டின் 2,000 சொற்களை விட்டுப் பார்த்தபோது, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை 570 சொற்குடும்பங்கள் என்று கண்டார். ஆராய்தல், மதிப்பிடுதல், நியாயப்படுத்தல், ஊகித்தல் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் இவற்றில் அடங்கும். பாடநூல் எழுத்தில் நூற்றுக்குப் பத்துச் சொல் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் கதைப்புத்தகத்தில் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை.

இதைப் பெற்றோர் கவனிக்கவேணும். "என்ர பிள்ளை நல்லாக் கதைப்புத்தகம் வாசிக்குது" என்று நாங்கள் சந்தோசப்படுகிறோம். அது நல்ல விசயந்தான். ஆனால் சோதனைத்தாளில் கேள்வி கேட்கிற சொற்கள் கதைப்புத்தகத்தில் குறைவு. சரித்திரம், விஞ்ஞானம், பத்திரிகைக் கட்டுரை என்று வாசித்தாற்தான் அவை பழகும்.

இரண்டு வருடமும் ஏழு வருடமும்

இன்னொரு ஆய்வு எங்கள் நகரத்திலேயே நடந்தது. ஜிம் கமின்ஸ் என்ற கல்வியறிஞர் 1979இல் ஒரு வித்தியாசத்தை எடுத்துக்காட்டினார். ஆட்களோடு கதைக்கிற மொழி ஒன்று, படிப்புக்கான மொழி வேறொன்று என்றார். ரொறன்ரோ கல்விச்சபையின் தரவுகளை வைத்து 1981இல் வெளியிட்ட ஆய்வில், வேற்றுநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் படிப்பு மொழியில் தங்கள் வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 தொடக்கம் 7 வருடம் எடுக்கிறது என்று காட்டினார். கதைக்கிற ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும்.

இப்போது கணக்குப் பாருங்கள். நான் 16 வயதில் வந்தேன். 19 வயதில் ஹைஸ்கூல் முடியவேண்டும். தேவை ஐந்து வருடத்துக்கு மேல், கையில் இருந்தது மூன்று. இந்த ஆய்வு வந்து எட்டு வருடத்துக்குப் பிறகு, அது நடந்த அதே நகரத்தில், நான் அந்த மேசைக்கு முன்னால் இருந்தேன். எங்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆளில்லை.

பெற்றோருக்கு இதில் பெரிய ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. பிள்ளை வந்து இரண்டு வருடத்தில் வங்கியில் எங்களுக்காகக் கதைக்கும், டொக்ரரிடம் மொழிபெயர்க்கும், வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லும். "இனிப் பிரச்சினை இல்லை, இங்கிலீஸ் தண்ணி மாதிரி" என்று நினைத்துவிடுகிறோம். புள்ளி குறைந்து வரும்போது "கவனமில்லை, சேர்க்கை சரியில்லை" என்று ஏசுகிறோம். பிள்ளையும் தான் மொக்கு என்று நம்பத் தொடங்கிவிடும். என்னுடைய வகுப்பில் இருந்த எங்கட பெடியள் இரண்டு பேர் அப்படித்தான் படிப்பை இடையில் விட்டார்கள். கெட்டிக்காரப் பெடியள்.

மாஸ்ரரின் கொப்பி

எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் ஒரு மாஸ்ரர் இருந்தார். ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே இரவில் செக்கியூரிட்டி வேலை. நான் 'ஜெனரல்' வகுப்பில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் அவர்தான் அப்பாவைக் கூப்பிட்டு விசயத்தை விளக்கினார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

மாஸ்ரர் என்னைச் சனிக்கிழமைகளில் வரச்சொன்னார். முதல் நாளே கேட்டார்: "தம்பி, நூலிலை கட்டிச் சுத்துற கல்லை உள்ளுக்கு இழுக்கிற விசை என்ன?"

"மையநாட்ட விசை, மாஸ்ரர்."

"ஏன் அப்பிடிப் பேர்?"

"மையத்தை நாடுறதாலை."

"சரி, இங்கத்தையப் புத்தகத்திலை 'சென்ரிபீற்றல்' எண்டு கிடக்கு. சென்ரர் எண்டால் மையம். மற்றப் பாதி லத்தீன் வேர், தேடிப் போறது, நாடுறது. ஊரிலை பெட்டிசம் போடுறது எண்டு சொல்லுவமே, அதுவும் உந்த வேர்தான், ஒண்டை நாடிக் கேக்கிறது. இப்ப பார், வெள்ளைக்காரனும் மையநாட்டம் எண்டுதான் சொல்லுறான். நீ புதுசா ஒண்டும் படிக்கேல்லை, உனக்குத் தெரிஞ்சதுக்கு இன்னொரு பேர் படிக்கிறாய்."

எனக்கு அன்றைக்குத்தான் ஒரு கதவு திறந்தது. ஒளித்தொகுப்பு என்றால் 'போட்டோசிந்தெசிஸ்': 'போட்டோ' ஒளி, 'சிந்தெசிஸ்' தொகுப்பு. நீர்ப்பகுப்பு என்றால் 'ஹைட்ரோலிசிஸ்': 'ஹைட்ரோ' நீர், 'லிசிஸ்' பகுப்பு. சமபக்க முக்கோணத்தின் ஆங்கிலப் பெயரிலும் 'சமம்', 'பக்கம்' என்ற இரண்டு லத்தீன் சொற்கள்தான் இருக்கின்றன. என்னோடு படித்த கனடாப் பிள்ளைகள் இவற்றை அர்த்தம் தெரியாத நீளப் பெயர்களாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒவ்வொன்றும் தமிழில் பொருளோடு தெரிந்திருந்தது.

மாஸ்ரர் சொன்னபடி ஒரு கொப்பி வைத்தேன். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே வேர், அதற்குக் கீழே அதே வேரிலிருந்து வந்த வேறு இரண்டு சொற்கள். பிறகு அந்தச் சொல்லை வைத்து நானே எழுதிய ஒரு வசனம். ஒரு நாளைக்கு ஐந்து சொல், கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழையதைத் திருப்பிப் பார்ப்பது. பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவல், இடையில் பஸ்ஸில் கொப்பி. பல்கலைக்கழகத்துக்குத் தேவையான பாடங்களை இரவு வகுப்பில் திரும்ப எடுத்து முடித்தபோது எனக்கு 21 வயது. இரண்டு வருடம் பிந்தினேன். ஆனால் போய்ச் சேர்ந்தேன்.

அப்பா சொன்ன பொருள்

வேர் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. 'ஜெனரல்' என்ற சொல்லைப் பின்னாளில் அகராதியில் தேடிப் பார்த்தேன். இனம் அல்லது வகை என்று பொருள்படும் லத்தீன் வேர், ஓர் இனம் முழுவதற்கும் உரியது, பொதுவானது என்று போட்டிருந்தது. அப்பா சொன்னது சரி! அகராதியின்படி அப்பாவில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த மேசையில், அந்த மாகாணத்தில், அந்த வருடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது: "பல்கலைக்கழகத்துக்கு இந்த வழியால் போகேலாது."

ஆகவே சொற்பொருள் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வேரில், மற்றது அதைப் பாவிக்கிற இடத்தில். வேரை வீட்டில் படிக்கலாம். பாவிக்கிற இடத்தைக் கேட்டுத்தான் அறியவேணும். "இந்த வகுப்பு எடுத்தால் பிள்ளை பிறகு எங்கே போகலாம்? எங்கே போக ஏலாது?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கள். விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஒன்ராறியோவில் 1999இல் அந்த மூன்று பெயர்களும் மாறின. 2022இல் ஒன்பதாம் வகுப்பில் தரம் பிரிப்பது நீக்கப்பட்டது. ஆனால் மேல்வகுப்புகளில் எந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

இன்னொன்று. எனக்கு ஆங்கிலம் தெரியாது, பிள்ளையின் படிப்பில் நான் என்ன உதவி செய்ய ஏலும் என்று பல அம்மாமார் என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள் ஊரில் ஓ.எல். விஞ்ஞானம் படித்திருந்தால் உங்களிடம் ஒரு புதையல் இருக்கிறது. பிள்ளை புதுச்சொல் ஒன்றோடு வரும்போது, "இது என்ன வேலை செய்யுது எண்டு எனக்குத் தமிழிலை சொல்லு" என்று கேளுங்கள். சொல்லும்போது பிள்ளைக்கும் விளங்கும், உங்களுக்கும் பழைய பாடம் ஞாபகம் வரும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது தமிழ் வகுப்பாகவும் அமையும்.

புத்தாண்டன்று மருத்துநீர் வைத்து முழுகி, பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்குவது எங்கள் வழக்கம். மாஸ்ரர் இன்று உயிரோடு இல்லை. 1990ஆம் ஆண்டு வருடப்பிறப்பன்று அவர் எனக்குக் கைவிசேடமாகத் தந்தது ஐந்து டொலர் தாளும், பழைய புத்தகக்கடையில் வாங்கிய ஒரு ஆங்கில அகராதியும். அந்த ஐந்து டொலர் எப்போதோ செலவாகிவிட்டது. அகராதி என்னுடைய மகளின் மேசையில் இருக்கிறது. இந்த வருடம் நீங்களும் கைவிசேடத்தோடு பிள்ளைகளுக்கு ஒரு அகராதியும் ஒரு வெறுங்கொப்பியும் கொடுங்கள்.